ஒன்பது சி-க்கு யார்?

ஜூலை 7, திங்கள்

பருவம் முடிய இன்னும் மூன்று வாரம். மதிப்பெண் அட்டை, நூலகப் புத்தகங்கள், சோதனைக்கூடச் சாவி, கேட்பாரற்ற தண்ணீர்ப் பாட்டில்கள் பதினேழு, ஒற்றை ஷூ மூன்று. (ஒற்றை ஷூவோடு எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள் இந்தப் பெண்கள்?) எல்லாம் துணைத் தலைமையாசிரியையின் பொறுப்பு. அதாவது என் தலையில்.

ஆசிரியர் கூட்டத்தில் வரலாறு டீச்சர் எழுந்து, கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல், இந்தப் பருவத்தோடு நின்றுகொள்கிறேன் என்றாள். ஒன்பது சி-க்கு வகுப்பாசிரியையும் அவள்தான். "ஒன்பது சி-யை யார் எடுத்துக்கறீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டதும் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

கணக்கு டீச்சர் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் காதில் விழுந்தது இரண்டே சொல்: செவிடன், சங்கு. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். அந்த வகுப்புக்குப் புத்தி சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. மற்றவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில் நானும் சிரித்தேன். ஆயிரம் சொல் நழுவிப் போகும். அந்த ஒரு சொல் மட்டும் வழி தவறாமல் வந்து சேரும்.

ஜூலை 8

ஒரு ஷூவுக்கு ஜோடி கிடைத்தது. இன்னும் இரண்டு.

ஜூலை 10, வியாழன்

கடைசி நாள் ஏற்பாடு. அன்று அரை நாள்தான். வேன்காரரிடம் போனில் பேசினேன். அவருடைய ஐந்து வேன்களில் நம் பிள்ளைகள் தொண்ணூறு பேர் போகிறார்கள். பின்னால் ஏதோ இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஒன்றரைக்கு வண்டி வரும் என்றார். திருப்பிக் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. ஒரே பேச்சில் எத்தனை முறைதான் "என்ன சொன்னீங்க?" என்பது? ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாகிவிட்டது. "சரி, சரி" என்று வைத்துவிட்டேன்.

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. இதில்கூட எழுதாமல் எங்கே எழுதுவது?

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மூன்று வருடமாகிறது, நான்காகவும் இருக்கலாம். எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவேன். போன், கூட்டம், பின் வரிசை — இந்த மூன்றும்தான் எமன். வகுப்பெடுப்பதை நான் விட்டதற்குக் கால அட்டவணை வேலை காரணமில்லை. ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்த ஒருத்தி என் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு ஏதோ வாய்த்துடுக்காகக் கேட்டது. வெளியே போய் நில் என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வந்து, "மிஸ், அவ கரெக்டாதானே சொன்னா?" என்றாள். அந்த வருடம் முடிந்ததும் நிர்வாக வேலை மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வு என்று ஊரெல்லாம் வாழ்த்தினார்கள்.

ஜூலை 14, திங்கள்

மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்து. அறுநூற்றுச் சொச்சம். விரல் விரலாக இல்லை.

ஒன்பது சி-யில் "ரேடியோ" என்று ஒருத்தி. பள்ளி முழுக்க அந்தப் பெயர்தான். அவள் வாயைத் திறந்தால் வாசலில் காவல்காரருக்குக் கேட்கும். அவள் அட்டையில் ஐந்து ஆசிரியைகளில் நான்கு பேர் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: அளவுக்கு மீறிச் சத்தமாகப் பேசுகிறாள். கீழே என் கையெழுத்து.

மதியம் அவளே என் அறைக்கு வந்துவிட்டாள். குறிப்பு எழுதியது யார் வழியாகவோ அவளுக்குக் கசிந்திருக்கிறது.

"மிஸ், நாலு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. காப்பி அடிச்சா எங்களுக்கு மட்டும் பூஜ்யம், அவங்களுக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெதுவாகப் பேசிப் பழகக் கூடாதா என்றேன்.

"மெதுவா பேசினா எங்க வீட்டுல யாருக்குக் கேக்கும்? அப்பா கல்லு அறுக்கற மெஷின்ல இருக்காரு மிஸ். இருபது வருஷம். காது மந்தம். சின்னதுலேருந்து இப்படியே கத்திக் கத்திப் பேசியாச்சு. ஸ்கூல் வாசல்ல வந்ததும் வேற தொண்டையை மாட்டிக்க முடியுமா?"

இதையெல்லாம் அவள் என் மேசைக்கு நேர் எதிரே, முகத்தைக் கொஞ்சமும் திருப்பாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பள்ளியில் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கிற ஒரே குரல் அவளுடையது. அதைத்தான் குற்றம் என்று எழுதி, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கதவு வரை போனவள் நின்று திரும்பினாள். "மிஸ், உங்களுக்கும்..." என்றாள்.

"எனக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

ஜூலை 16, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். "டீச்சர், ஒன்பது சி-யை நீங்களே எடுத்துக்கங்களேன். உங்களுக்கும் வரலாறுதானே பாடம்? உங்களைக் கண்டா அதுங்க அடங்கும்."

கால அட்டவணை, தேர்வு வேலை, முழங்கால் வலி என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஜூலை 18, வெள்ளி

பருவ இறுதிச் சுற்றறிக்கை அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது. 25-ஆம் தேதி வெள்ளி பிற்பகல் 1.30-க்குப் பள்ளி முடியும். வேன்கள் அதே நேரத்தில் வாசலில் நிற்கும். மதிய உணவு கொண்டுவர வேண்டாம். அடுத்த பருவம் ஆகஸ்ட் 11. எழுத்துப்பிழை இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

ஜூலை 19, சனி

இவர் சமையலறையிலிருந்து, "டீ ஆறுது!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை இவருக்கு. நாள் முழுக்க "பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்று கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டது போல. கத்துகிற புருஷன் வாய்த்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான். வீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வரலாறு டீச்சருக்கு ஒன்பது சி-யின் வழியனுப்பு. நானும் போய் நின்றேன். நாற்பது பெண்களும் அழுதார்கள். மேசை மேல் ஒரு பெரிய அட்டை: "எங்களால்தான் போகிறீர்களா?" என்று நடுவில், சுற்றிலும் கையெழுத்து. அவள் பதறிப்போய் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. யாருக்கும் வேண்டாத வகுப்பு என்பது வகுப்புக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றரைக்கு மணி அடித்தது. மழை. நடந்து போகிறவர்கள் குடையோடு போனார்கள், சிலரைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். வேன் பிள்ளைகள் தொண்ணூறு பேர் முற்றத்துக் கூரையடியில் நின்றார்கள். வேன் வரவில்லை. இரண்டு ஆனது. வேன்காரர் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். இரண்டேகால். அலுவலகத்தில் போன் ஓயவில்லை. எழுத்தர் ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என்று பிடித்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புக் குட்டிகளில் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். பசி வேறு. மதிய உணவு வேண்டாம் என்று எழுதியதும் நான்தானே.

எல்லோரையும் மண்டபத்துக்குள் உட்கார வைத்தோம். தொண்ணூறு பேரின் சத்தம் எனக்கு ஒரே இரைச்சல், அருவிக்குக் கீழே நிற்பது போல. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் ரேடியோ மேடையில் ஏறினாள். அவள் வேனில் போகிறவள் இல்லை, நடந்து போகிறவள். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "குட்டிங்க அழுதுங்களே மிஸ்" என்றாள். கேட்பாரற்ற பொருட்கள் பெட்டியை மேடைக்குத் தூக்கிவந்து ஏலக்காரர் போல ஆரம்பித்துவிட்டாள்.

"இதோ ஒரு ஷூ! இடது கால்! வலது கால் எங்க போச்சுன்னு இதுக்கே தெரியாது! இந்தப் பாட்டிலைப் பாருங்க, மூடியில பல் தடம்! யாரோட பல்லு? எல்லாரும் ஈன்னு காட்டுங்க!"

தொண்ணூறு பேரும் பல்லைக் காட்டினார்கள். அழுதவர்களும்தான். ஒரு மணி நேரம் மைக் இல்லாமல் மண்டபத்தைக் கட்டிப்போட்டாள். கடைசிச் சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

மூன்று இருபதுக்கு ஐந்து வேன்களும் வரிசையாக வந்து நின்றன. பத்து நிமிடம் முன்னதாக.

தலைமையாசிரியை மழையிலேயே இறங்கிப் போனார். ஓட்டுநர்கள், பெற்றோர் நான்கைந்து பேர், எல்லோர் எதிரிலும், "பொறுப்பு வேண்டாமா உங்களுக்கு? பொண் குழந்தைங்க ரெண்டு மணி நேரம் தெருவைப் பார்த்துட்டு நிக்கணுமா? அடுத்த பருவத்துக்கு உங்க வண்டி வேண்டாம்" என்றார்.

வேன்காரர் என்னைப் பார்த்தார். "மேடம், நான் மூணரைன்னுதானே சொன்னேன்? பகல்ல பாக்டரி டிரிப் இருக்கு, மூணரைக்குத்தான் வர முடியும்னு தெளிவா சொன்னேனே?"

மூணரை. ஒண்ணரை.

தலைமையாசிரியை எனக்காகப் பேசினார்: "அவங்க எழுத்துல ஒரு கால், கொம்புகூடத் தப்பாது. அவங்க மேல பழி போடாதீங்க."

நான் வாய் திறக்கவில்லை.

ஜூலை 26, சனி

சொல்லியிருக்கலாம். அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஆமாங்க, என் தப்பு, எனக்குச் சரியா கேக்கல." அவ்வளவுதானே? நாலு வார்த்தை. நாக்குல என்ன, பூட்டா போட்டிருந்தது?

அந்த மனுஷன் முகம். மழைத்தண்ணி வழிய வழிய என்னையே பார்த்துட்டு நின்னாரு. சத்தம்கூடப் போடல. நான் சொல்லுவேன்னு காத்துட்டு நின்னாரு.

கேக்கலன்னு சொல்ல வெட்கப்பட்டேன், சரி. ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போட மட்டும் வெட்கம் இல்லையா எனக்கு?

ஜூலை 27, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்கப் போனவரை உட்காரச் சொல்லி, காதிலிருந்து வேன் வரை எல்லாவற்றையும். அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"காது விஷயம் எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ டிவி சத்தத்தை இருபத்தெட்டுல வைக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லலயே. நீயா சொல்ற வரைக்கும் நானா ஏன் கிளறணும்னு கத்திப் பேசியே ஓட்டிட்டேன்."

கத்துவது தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கார்ல கத்தினா பழகறவன் ஸ்டியரிங்கை விட்டுடுவான்டி. அங்க நான் ரகசியம் பேசற மாதிரிதான் பேசுவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் குரல் உசத்தினதில்ல."

எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன். எல்லாம் கழுவிய பாத்திரங்கள்தான்.

ஜூலை 28, திங்கள்

விடுமுறையிலும் அலுவலகம் திறந்திருக்கும். ஒன்பது மணிக்கே போய்த் தலைமையாசிரியையின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பூசி மெழுகிவிடுவேன் என்று பயம்.

அவர் உடனே சமாதானம் சொல்லவில்லை. கோபம்தான் வந்தது. வர வேண்டியதுதானே. "நான் அந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டேனே டீச்சர். உங்களை நம்பித்தானே பேசினேன்?" பிறகு, "மூணு வருஷமா ஏன் மறைச்சீங்க?" என்றார்.

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு."

"யாரு, நானா?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்போ உங்க முகம் எனக்கு இட்லித் தட்டு மாதிரி தெரியுது. என்னை யாராவது வீட்டுக்கு அனுப்பினாங்களா?" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கோபம் மிச்சம் இருந்தது, ஆனாலும் சிரித்தார்.

அவரே வேன்காரரைப் போனில் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எதிர்முனையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டு எனக்கு நேராகத் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "வண்டி விடறேங்கறாரு. ஆனா ஓட்டுநருங்க முன்னாடி அவருக்கு மானம் போச்சாம். அதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கறாரு."

நியாயம்தான்.

ஜூலை 29, செவ்வாய்

வண்டிக் கொட்டகைக்குப் போனேன். இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். தகரக் கூரை, எண்ணெய் படிந்த தரை, ஒரு வேனின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். வேனுக்கு அடியில் இருந்தவரும் வெளியே வரும்வரை காத்திருந்தேன்.

"இவர் மூணரைன்னுதான் சொன்னாரு. எனக்குக் காது கேக்காது. நான் தப்பா எழுதிட்டேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பேசாம நின்னதும் என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

வேன்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடியவே இல்லை. கடைசியில், "எங்க அண்ணிக்கும் இப்படித்தான் மேடம். நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நான் போன்ல மெசேஜா போட்டிருப்பேன். ஒரு நிமிஷ வேலை" என்றார். ஒரு ஓட்டுநர் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

ஒரு நிமிஷ வேலை. அதைத்தான் மூன்று வருடம் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் பரிசோதிக்கிற பெண். அழுத்தினேன். நடுவில் வெகுநேரம் எதுவும் வரவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டாளோ என்று நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் வேலை செய்துகொண்டேதான் இருந்தது.

இரண்டு காதுக்கும் கருவி வேண்டுமாம். இரண்டு மூன்று வருடம் முன்னமே வந்திருக்க வேண்டும் என்றாள். எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கருவி வந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் — அப்பப்பா. என் செருப்பு இத்தனை சத்தம் போடுமா? சீப்பு, செய்தித்தாள், முறுக்கு தின்கிற என் வாய். இவர், "டீ ஆறுது!" என்று கத்தியதும் துள்ளிவிட்டேன்.

"ஏன் கத்தறீங்க?" என்றேன். இருவரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 5

தலைவலி. பாதி நாள் கழற்றி வைத்துவிட்டேன். தட்டு வைக்கிற சத்தம் மண்டையில் ஆணி அடிக்கிறது. இதற்கு அந்த அமைதியே தேவலை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடியும் மாட்டினேன். இன்று நான்கு மணி நேரம்.

புதுப் பருவத்துச் சுற்றறிக்கை எழுத வேண்டும். நடந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட நினைத்தேன். "தவிர்க்க முடியாத காரணங்களால்னு போட்டுடுங்களேன்" என்றார் தலைமையாசிரியை, எனக்குச் சங்கடம் வேண்டாமே என்று. "என் தவறால்" என்றே போட்டேன். நேரத்தைத் தவறாகக் குறித்தது துணைத் தலைமையாசிரியை. வேன் உரிமையாளர் மீது எந்தத் தவறும் இல்லை. இரண்டு வரி. அச்சுக்குப் போய்விட்டது.

பிறகு கால அட்டவணையை எடுத்தேன். ஒன்பது சி-க்கு எதிரே கட்டம் இன்னும் காலி. புதிதாக யாரும் கிடைக்கவில்லை. பென்சிலால் என் பெயரை எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் பேனாவால்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் பீரியட் ஒன்பது சி. நான் உள்ளே நுழைந்ததும், புது ஆசிரியையை எதிர்பார்த்தவர்கள் போல என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன். நம்பச் சற்று நேரம் பிடித்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எனக்குக் காது மந்தம். இதோ, இரண்டு பக்கமும் கருவி. பேசுகிறவர்கள் எழுந்து நின்று, என்னைப் பார்த்துப் பேச வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு ஒன்றும் புரியாது. தப்பாகக் கேட்டுக்கொண்டு நான் யாரையாவது திட்டினால், அங்கேயே சொல்ல வேண்டும். அழுதுகொண்டு வெளியே போகக் கூடாது.

பிறகு ரேடியோ எழுந்தாள். "போன வருஷமே எங்களுக்குத் தெரியும் மிஸ்."

"யார் யாருக்கு?"

"கிளாஸ் முழுக்க. நீங்க யார் பேசினாலும் வாயைத்தான் பாப்பீங்க. எங்க அப்பாவும் அப்படித்தான். மத்த கிளாஸ்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்."

நாற்பது பேர். பள்ளியிலேயே அடங்காத வகுப்பு. ஒரு வருடம். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. ரேடியோகூட.

"சரி, புத்தகத்தை எடுங்க" என்றேன். கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால், கடைசி பெஞ்சிலிருந்து, கிசுகிசுவென்று ஒரு குரல்:

"போச்சுடி, இனிமே இவங்களுக்கு எல்லாமே கேக்கும்."

யாருடைய குரல் என்றுகூடத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். வருடத்தையும் சேர்த்து, நிதானமாக எழுதி முடித்தேன்.